கல்லும் ஓலையும் இசைத்தட்டும்: வழக்கத்தில் இல்லாத சான்றுகளை அடிக்குறிப்பிலும் துணைநூற்பட்டியலிலும் காட்டும் முறை

"தஞ்சைக் கல்வெட்டு ஒன்று இவ்வாறு கூறுகிறது" என்று ஆய்வேட்டில் ஒரு தொடர் வருகிறது. கீழே அடிக்குறிப்பைப் பார்த்தால் "தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு" என்று மட்டும் இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி அந்த ஒரு கோயிலுக்கே போயிருக்கிறது என்பதை அறிந்தவருக்கு, இந்தக் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை என்பது உடனே விளங்கும். எந்தச் சுவர், எந்த மன்னன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த வரி என்று ஒன்றும் தெரியாமல் அந்தக் கூற்றை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அச்சிட்ட நூலுக்கும் ஆய்விதழ்க் கட்டுரைக்கும் குறிப்பு எழுதுவதை எல்லாக் கையேடுகளும் சொல்லித் தருகின்றன. சிகாகோ முறை, எம்.எல்.ஏ. முறை, ஏ.பி.ஏ. முறை ஆகியவற்றில் எதைப் பல்கலைக்கழகம் கேட்கிறதோ அதைப் பின்பற்றினால் போதும். ஆனால் தமிழக வரலாற்றையும் இலக்கியத்தையும் நாட்டார் வழக்காற்றையும் ஆராய்கிறவருக்குக் கிடைக்கும் சான்றுகளில் பாதிக்கு மேல் அந்தக் கையேடுகளை எழுதியவர்களின் மேசைக்கு வராதவை. கல்வெட்டும் செப்பேடும், ஓலைச்சுவடியும் அதன் தாள் படியும், அரசாணையும் கிரயப் பத்திரமும், குஜிலிப் பாட்டும் நாடக நோட்டீசும், இசைத்தட்டும் சினிமாப் பாட்டுப் புத்தகமும், வயலோரத்தில் ஒரு பாட்டி பாடிய தாலாட்டும் அப்படிப்பட்டவை. இவற்றுக்கு ஆயத்தமான அச்சு கிடையாது. நாமே வார்க்க வேண்டும். அதை எப்படி வார்ப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

முதலில் தீர்க்க வேண்டியது: நீங்கள் கண்ணால் பார்த்தது எது?

எழுதத் தொடங்கும் முன் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். கல்வெட்டைக் கோயிலில் நின்று படித்தீர்களா, அதன் மைப்படியை (கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எடுத்த படியை) பார்த்தீர்களா, அச்சிட்ட பாடத்தைப் படித்தீர்களா, அல்லது வேறொருவர் நூலில் எடுத்தாண்ட இரண்டு வரியைத்தான் கண்டீர்களா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு சான்றுகள். மூன்றாம் கை வழியாக வந்த வரியை மூலத்திலிருந்து எடுத்ததுபோல் காட்டுவது, ஆய்வேடுகளில் நான் மிக அதிகமாகக் காணும் குற்றம். அது பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் நேர்வதில்லை. "மூலத்தைக் காட்டினால்தானே மதிப்பு" என்ற தவறான பணிவால் நேர்கிறது. ஒருவர் செய்த வாசிப்புப் பிழை இப்படித்தான் பத்து நூல்களில் பத்துத் தனித்தனிச் சான்றுகளைப்போல் நிலைபெற்றுவிடுகிறது. மூலத்தின் விவரத்தை முதலில் தந்து, பிறகு "மேற்கோள்:" என்று எழுதி, நீங்கள் படித்த நூலையும் பக்கத்தையும் தாருங்கள். துணைநூற்பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டுமே இடம்பெற வேண்டும்.

அடுத்த கேள்வி, படிப்பவர் அதே இடத்துக்குப் போய்ச் சேர எவையெல்லாம் தேவை என்பது. சான்றை ஆக்கியவர், அதன் பெயர் அல்லது வகை, காலம், அது இப்போது இருக்கும் இடம், அங்கே அதற்கு இட்டிருக்கும் எண், அதனுள் நீங்கள் சுட்டும் புள்ளி என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தப் புதுச் சான்று வந்தாலும் குறிப்பு எழுதிவிடலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று கிடைக்காதபோது அந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிடாமல் "ஆசிரியர் பெயர் இல்லை", "ஆண்டு இல்லை" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நீங்கள் ஊகித்து நிரப்பியதைப் பகர அடைப்புக்குள் [ ] இட வேண்டும்.

கல்வெட்டு

ஒரே கல்வெட்டுக்குப் பல எண்கள் இருக்கும் என்பதே இங்குள்ள முதல் சிக்கல். இந்தியத் தொல்லியல் துறையினர் ஊர் ஊராகச் சென்று படியெடுத்தபோது இட்ட எண் கல்வெட்டு ஆண்டறிக்கையில் இருக்கிறது. அது எண்ணும் ஆண்டும் சேர்ந்தே வரும். பின்னர் முழுப் பாடமும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ, எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு ஆய்விதழிலோ அச்சானபோது வேறோர் எண் பெற்றது. 1919இல் வெளிவந்த வி. ரங்காச்சாரியின் மாவட்டவாரிப் பட்டியலில் இன்னொன்று; தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்டத் தொகுதியாக வெளியிட்டிருந்தால் அதில் மற்றொன்று. பாடம் அச்சாகியிருந்தால் அந்த எண்ணை முதன்மையாகக் கொண்டு, ஆண்டறிக்கை எண்ணையும் பக்கத்தில் தருவதே சிறந்தது. ஆண்டறிக்கையில் பெரும்பாலும் சுருக்கம்தான் இருக்கும் என்பதால், அதை மட்டும் படித்துவிட்டுக் கல்வெட்டின் சொல்லாட்சியைப் பற்றி வாதிடக் கூடாது. பிற்கால அறிக்கைகளில் செப்பேடுகள் ஏ பின்னிணைப்பிலும் கல்வெட்டுகள் பி பின்னிணைப்பிலும் தனித்தனியாக எண்ணப்பட்டிருப்பதால், பின்னிணைப்பின் எழுத்தை விட்டுவிட்டால் வேறோர் ஆவணத்துக்கு வழிகாட்டிவிடுவீர்கள்.

முதலாம் இராசராசன் தானும் தன் அக்கனும் பெண்டுகளும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்ட புகழ்பெற்ற கல்வெட்டுக்கு இப்படி எழுதலாம்:

தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 1, தஞ்சாவூர், பெரிய கோயில், மைய விமானம், முதலாம் இராசராசன், ஆட்சியாண்டு 26 [கி.பி. 1010–11].

எண்ணைத் தொடர்ந்து இடம், மன்னன், ஆட்சியாண்டு ஆகியவை ஏன் வேண்டும்? எண்ணில் ஓர் இலக்கம் அச்சுப்பிழையாகிவிட்டால் படிப்பவரைக் காப்பாற்றுபவை அவைதாம். ஆட்சியாண்டு கல்லில் உள்ளது; கி.பி. ஆண்டு நம் கணக்கு. ஆகவே அது பகர அடைப்புக்குள் போகிறது. உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு தனிக் கல்வெட்டுகள். இரண்டாவது, முதலாவதன் விதிகளைத் திருத்துகிறது. "உத்தரமேரூர்க் கல்வெட்டு" என்று ஒருமையில் எழுதும் குறிப்பு, 919ஆம் ஆண்டின் விதியையும் 921ஆம் ஆண்டின் விதியையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் "இரண்டாவதின் எதிர் பன்னிரண்டாமாண்டு" என்பதுபோல் வந்தால் கூட்டிப் 14 என்று எழுதிவிடாமல் 2+12 என்று கல்லில் உள்ளவாறே காட்டுங்கள். அந்தப் பிரிவின் பொருள் பற்றி விவாதம் எழுந்தால் உங்கள் குறிப்பு அப்போதும் பயன்படும்.

மேற்கோளாக எடுக்கும் வரிகளில், பதிப்பாசிரியர் சிதைந்த எழுத்துகளுக்கும் தாமே நிரப்பிய எழுத்துகளுக்கும் இட்ட அடைப்புகளையும் உடுக்குறிகளையும் (*) நீக்கிவிடாதீர்கள். பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அச்சில் நாம் காணும் புள்ளி, பதிப்பாசிரியரின் வாசிப்பு. ஒரு சொல்லின் வடிவத்தை வைத்தே வாதிடுகிறீர்கள் என்றால், நேரில் பார்த்துப் படித்த நாளைக் குறித்து, "நேர்வாசிப்பு" என்று சேர்ப்பது கடமை.

செப்பேட்டுக்கும் இதே முறைதான். கூடுதலாக ஏட்டின் எண், அதன் முன்பக்கமா பின்பக்கமா என்பது, வரி எண் ஆகியவை வேண்டும். இராசராசன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகளை, அவை நெடுங்காலம் இருந்த பல்கலைக்கழகத்தின் பெயரால் லெய்டன் செப்பேடுகள் என்றும் குறிப்பார்கள்; பெரிய லெய்டன் செப்பேட்டில் வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் தனித்தனியாக வரியெண் பெற்றிருக்கின்றன. "வரி 30" என்று மட்டும் எழுதினால் எந்தப் பகுதியின் முப்பதாம் வரி என்பது தெரியாது.

ஓலைச்சுவடி

சுவடிக்கு முகவரி, நூலகமும் சுவடி எண்ணும். நூலின் பெயர் மட்டும் போதவே போதாது. ஒரே நூலுக்குத் தஞ்சை சரசுவதி மகாலிலும், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும், உ.வே.சா. நூல்நிலையத்திலும் வெவ்வேறு பாடத்தோடு சுவடிகள் இருக்கக்கூடும். எண்ணுக்கு முன்னே வரும் எழுத்துகளையும் அப்படியே எழுதுங்கள். 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட புதுச்சேரிச் சைவச் சுவடிகளில், பிரெஞ்சு நிறுவனத்தில் 'டி' என்று தொடங்கும் எண் தாளில் எழுதிய படியையும் 'ஆர்.இ.' என்று தொடங்கும் எண் ஓலையையும் குறிக்கிறது. அந்த ஓரெழுத்தை விட்டால், இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் பார்த்து எழுதியதைப் பழைய ஓலை என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார்.

ஏட்டெண் பெரும்பாலும் ஓலையின் இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். பக்க எண் என்று எழுதாமல் "ஏடு 14, பின்பக்கம், வரி 3" என்று எழுதுங்கள். ஏட்டெண் சிதைந்திருந்தாலோ, ஏடுகள் முறை மாறிக் கோக்கப்பட்டிருந்தாலோ, நூலகம் பின்னர்ப் பென்சிலால் இட்ட எண்ணையா, பழைய எண்ணையா பின்பற்றுகிறீர்கள் என்பதை முதற்குறிப்பிலேயே ஒரு தொடரில் சொல்லிவிடுங்கள். பிரதி செய்தவர் பெயரும் நாளும் சுவடியின் கடைசியில் இருந்தால் அவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அவர் நூலாசிரியர் அல்லர் என்பதும் விளங்க வேண்டும்.

சங்க இலக்கியத்தையும் இலக்கணத்தையும் பக்க எண்ணால் சுட்டுவது இன்றும் நடக்கிறது. புறநானூறு 192:1 என்று பாட்டெண்ணும் அடியெண்ணும் தந்தால் எந்தப் பதிப்பிலும் தேடிக்கொள்ளலாம். தொல்காப்பியத்துக்கு அது மட்டும் போதாது. இளம்பூரணர் கொண்ட நூற்பாப் பகுப்பும் நச்சினார்க்கினியர் கொண்டதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. எண்ணோடு உரையாசிரியர் பெயரும் சேர வேண்டும். திருக்குறளிலும் மணக்குடவர் உரையைப் பயன்படுத்துகிறவர், தாம் தரும் எண் பரிமேலழகர் வைப்புமுறைப்படி அமைந்ததா என்று சொல்ல வேண்டும்.

நாளும் ஆண்டும்

இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. மற்றப் பிழைகளைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். காலக்கணிப்பில் நேர்ந்த பிழை கண்ணில் படாமலே வாதத்தைக் கெடுத்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்பிலும், கடிதங்களிலும், பத்திரங்களிலும் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரே ஆண்டாக இருக்கும். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற குறிகளும் வரும். "குரோதி ௵ தை ௴" என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குரோதி 1904–05லும் வந்தது, 1964–65லும் வந்தது. எந்தச் சுழற்சி என்பதைக் கடிதத்தின் உள்ளடக்கத்தாலும் தாளாலும் அஞ்சல் முத்திரையாலும் முடிவு செய்ய வேண்டும். முதற்சுழற்சிதான் என்று துணிந்தாலும் 1904 என்று எழுதினால் தவறு. தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் அந்தத் தை 1905 சனவரியில் பிறந்தது. "குரோதி ஆண்டு, தை [சனவரி–பிப்ரவரி 1905]" என்பதே சரியான வடிவம். நெல்லை, குமரிப் பகுதி ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரையிலான நாளுக்கு 824ஐயும், சனவரியிலிருந்து ஆடி வரையிலான நாளுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். சக ஆண்டுக்கு 78 அல்லது 79. திருவள்ளுவர் ஆண்டில் 31ஐக் கழிக்க வேண்டும். எதுவாயினும், மூலத்தில் உள்ள நாள் முதலில் வர வேண்டும். மாற்றிய நாள் அடைப்புக்குள் வர வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆவணங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்கள் இன்று நாம் பின்பற்றும் புதிய (கிரிகோரியன்) நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். சென்னையின் ஆங்கிலேயர்கள் 1752 செப்டம்பர் வரை பழைய (ஜூலியன்) நாட்காட்டியையே பின்பற்றினார்கள். அந்த நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு. 1746இல் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன நாள் ஆங்கில ஆவணத்தில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். இதை அறியாமல் கோட்டை ஆவணத்தையும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் அருகருகே வைத்தால், நிகழாத தாமதம் ஒன்றை நாமே உண்டாக்கிவிடுவோம். அது மட்டுமன்று; அக்கால ஆங்கில ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. கோட்டை ஆவணத்தில் "1746 பிப்ரவரி" என்று இருந்தால் அது நம் கணக்கில் 1747. 1746/47 என்று இரட்டையாக எழுதுவது வழக்கம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தொகுதியும் பக்கமும் கொண்டு மட்டும் சுட்டாமல் பதிவின் நாளையும் தாருங்கள். தமிழ் அச்சும், 12 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வெவ்வேறு பக்கமெண் கொண்டவை. நாள் ஒன்றுதான் இரண்டிலும் பொது.

அரசாணையும் பத்திரமும்

அரசாணை எண் ஒவ்வோராண்டும் துறைதோறும் புதிதாகத் தொடங்குவது. எண்ணை மட்டும் தருவது, தெருப்பெயர் இல்லாமல் கதவிலக்கத்தை மட்டும் சொல்வது போன்றது. வகுப்புவாரி உரிமை வரலாற்றில் இடம்பெறும் முதல் ஆணையை "அரசாணை எண் 613, பொதுத்துறை, நாள் 16.9.1921" என்று எண், துறை, நாள் மூன்றும் சேரவே எழுத வேண்டும். அதைத் தொடர்ந்து, எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் படித்தீர்களா, வெளியான தொகுப்பு ஒன்றில் படித்தீர்களா என்பது வர வேண்டும். இன்றைய ஆணைகளில் எண்ணுக்கு முன் வரும் "நிலை", "வாலாயம்" என்ற சொற்களும் எண்ணின் பகுதியே. பழைய ஆய்வேடுகளில் காணும் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்பது இதே காப்பகம்தான் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்; பட்டியலில் இரண்டு நிறுவனங்களாகக் காட்ட வேண்டாம்.

பதிவு செய்த கிரயப் பத்திரமோ தானப் பத்திரமோ ஆனால், சார்பதிவாளர் அலுவலகம், புத்தக எண் (அசையாச் சொத்துக்கு 1 புத்தகம்), ஆவண எண், ஆண்டு ஆகியவை போதும். பத்திரம் ஒரு குடும்பத்தின் வீட்டில் இருந்தால் "குடும்பச் சேகரிப்பு, ஊர், பார்த்த நாள்" என்று எழுதுங்கள். வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பெயரும் நில அளவை எண்ணும் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் அவற்றை வெளியிட வேண்டாம்.

குஜிலிப் பாட்டு, பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு

சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத் தாளில் அச்சாகி விற்ற சிறு பாட்டு நூல்களில், ரயில் விபத்தும் கொலைச் செய்தியும் புயலும் பாட்டாயின. இவற்றுக்குத் தலைப்பு எது என்பதே கேள்வி. முகப்பில் பல தலைப்புகள் வெவ்வேறு அளவில் அச்சாகியிருக்கும். பெரிய எழுத்தில் உள்ளதைத் தலைப்பாகக் கொண்டு, மற்றவற்றைத் துணைத்தலைப்பாக அமைத்து, எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் எழுதுங்கள். பாடியவர், வெளியிட்டவர், அச்சகம் மூவரும் வெவ்வேறானவர்கள். கிடைத்த அளவுக்கு மூன்றையும் தாருங்கள். அணாவில் இட்ட விலை, ஆண்டு இல்லாத வெளியீட்டின் காலத்தை ஊகிக்க உதவும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் பார்த்திருந்தால் அதன் அழைப்பெண்ணைச் சேருங்கள். இத்தகைய வெளியீட்டுக்கு இன்னொரு படி எங்கும் இல்லாமலே போகலாம்.

சினிமாப் பாட்டுப் புத்தகம், படம் அன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பு வேண்டும். 1931இல் வந்த காளிதாஸ் போன்று பிரதி கிடைக்காத படத்தைப் பற்றி எழுதுகிறவர், கதைச்சுருக்கத்தையும் பாடல்களையும் பாட்டுப் புத்தகத்திலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோதான் எடுத்திருக்க முடியும். படத்தைக் கண்டதுபோல் படத்தின் பெயரை மட்டும் அடிக்குறிப்பில் இடுவது முறையன்று.

இசைத்தட்டுக்கு இரண்டு எண்கள் உண்டு. சிட்டையில் (தட்டின் நடுவே ஒட்டிய தாளில்) அச்சிட்டிருப்பது விற்பனைப் பட்டியல் எண். சிட்டையை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கீறப்பட்டிருப்பது ஒலிப்பதிவின் அச்சு எண். ஒரே பதிவு பின்னாளில் வேறு பட்டியல் எண்ணோடு மறுபடி வெளிவரக்கூடும் என்பதால், முடிந்தால் இரண்டையும் எழுதுங்கள். பாடியவர், பாட்டின் முதலடி, சிட்டையில் இருந்தால் இராகமும் தாளமும், நிறுவனம், எண்கள், எந்தப் பக்கம் என்ற வரிசை நல்லது. இணையத்தில் யாரோ ஏற்றியதைத்தான் கேட்டீர்கள் என்றால், தட்டைக் கேட்டதாக எழுதாமல் அந்த ஏற்றத்தையும், நிமிடம் நொடியையும், பார்த்த நாளையும் காட்டுங்கள்.

வாய்மொழி

நேர்காணலுக்கு ஏ.பி.ஏ. முறை துணைநூற்பட்டியலில் இடம் தருவதில்லை. பிறரால் மீட்டெடுக்க முடியாத தனித்தொடர்பு என்று கருதி உரைக்குள்ளேயே குறிக்கச் சொல்கிறது. சிகாகோ முறையும் வெளியிடப்படாத நேர்காணலைப் பெரும்பாலும் அடிக்குறிப்போடு நிறுத்துகிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வில் இது போதாது என்பது என் உறுதியான கருத்து. பாடியவரே அங்கே ஆசிரியர். அவரைப் பட்டியலில் சேர்க்காமல், அச்சில் வந்த கட்டுரைகளை மட்டும் சேர்ப்பது நியாயமன்று. ஒலிப்பதிவு ஏதேனும் காப்பகத்தில் இருக்குமானால் அதற்கு ஓர் எண் கிடைத்துவிடும். அப்போது எந்த முறையும் அதைப் பட்டியலில் ஏற்கும். ஆகவே பதிவை உங்கள் கைப்பேசியோடு விட்டுவிடாமல் பல்கலைக்கழக நூலகத்திலோ காப்பகத்திலோ ஒப்படையுங்கள்.

குறிப்பின் வடிவம் இப்படி அமையலாம்: "தாலாட்டு, பாடியவர்: பெண், ஏறத்தாழ 70 வயது, விவசாயக் கூலி, ஊர், வட்டம், பதிவு செய்தவர்: ஆய்வாளர், நாள், ஒலிக்கோப்பு எண், 04:10–06:35." பெயரை வெளியிடலாமா என்று பாடியவரிடம் முன்கூட்டிக் கேட்டு, அவர் விரும்பினால் முழுப்பெயரை மரியாதையோடு எழுதுங்கள், விரும்பாவிட்டால் மாற்றுப்பெயர் என்பதைச் சொல்லிவிட்டு அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். சாதிக் கொடுமையையோ குடும்ப வழக்கையோ பற்றிப் பேசியவரானால், ஊரும் தொழிலும் வயதும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் காட்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே வட்டத்தோடு நிறுத்திக்கொள்வது முறை.

இணையத்தில் கிடைத்தவை

வருடிய (ஸ்கேன் செய்த) நூலைப் படித்திருந்தால் நூலின் விவரம் முழுவதையும் தந்து, வருடிய இடத்தையும் சேர்த்தால் போதும். ஈழத்து வெளியீடுகளுக்கு, அவற்றை இணையத்தில் தொகுத்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற தளத்தின் நூலக எண்ணைத் தவறாமல் தாருங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட பின் பல வெளியீடுகளின் படியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது. விக்கிப்பீடியாக் கட்டுரையைச் சுட்ட நேர்ந்தால் அதன் வரலாற்றுப் பக்கத்திலுள்ள நிலையான இணைப்பைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி சான்றாவது, அது சுற்றியது என்பதற்கு மட்டுமே. அதில் சொல்லப்பட்டிருப்பதற்கு அன்று. பெறப்பட்ட நாளைக் குறித்துத் திரைப்பிடியைப் பின்னிணைப்பில் வையுங்கள், தொலைபேசி எண்களை மறைத்துவிட்டு.

பட்டியலை அமைக்கும்போது

இத்தனை வகையையும் ஒரே அகரவரிசையில் கொட்டினால் கல்வெட்டுத் தொகுதிக்கும் தாலாட்டுக்கும் நடுவே அரசாணை வந்து நிற்கும். முதன்மைச் சான்றுகளைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும், சுவடிகள், ஆவணங்கள், சிறுவெளியீடுகள், ஒலி ஒளிப் பதிவுகள், நேர்காணல்கள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அதற்குப் பொருந்தும் வரிசையைப் பின்பற்றுங்கள். சுவடிக்கு நூலகமும் எண்ணும், ஆவணத்துக்கு நாளும், நேர்காணலுக்குப் பெயரும் வரிசையாகலாம். ஒரு தொகுதியிலிருந்து நாற்பது கல்வெட்டுகளைச் சுட்டியிருந்தால் பட்டியலில் தொகுதி ஒரு முறை வந்தால் போதும்; அந்த நாற்பதையும் ஊர்வாரியாகத் தனி அட்டவணையில், எல்லா எண்களோடும் தாருங்கள். பின்னால் வரும் ஆய்வாளருக்கு உங்கள் முடிவுரையைவிட அந்த அட்டவணை அதிகம் பயன்படக்கூடும்.

தமிழ்ப் பெயர்களை மேலைநாட்டுக் குடும்பப்பெயர் முறையில் திருப்பிப் போடும் மென்பொருள்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உ.வே. சாமிநாதையர் "சாமிநாதையர், உ.வே." என்று சகரத்தில் வர வேண்டும், உத்தமதானபுரமும் தந்தையின் பெயரும் தலைப்பெழுத்தாக நிற்கின்றன, அவை குடும்பப்பெயர் அல்ல. புதுமைப்பித்தன் அந்தப் பெயரிலேயே வரட்டும், சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரை அடைப்பில் சேர்க்கலாம். நீங்கள் பயன்படுத்தும் குறுக்கங்களின் விளக்கத்தை முதல் அடிக்குறிப்புக்கு முன்பே, ஆய்வேட்டின் தொடக்கத்தில் வைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் துறையைச் சாராத நண்பர் ஒருவரிடம் ஐந்து அடிக்குறிப்புகளை மட்டும் கொடுத்து, ஆய்வேட்டைக் காட்டாமல், அந்தச் சான்றுகளை நூலகத்திலோ காப்பகத்திலோ எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் எந்தக் குறிப்போடு உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறாரோ, அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள்.